ஆறு கால், மூன்று மோட்டார், முப்பத்தைந்து வெள்ளி

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



சங்கத் தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எப்போது பையைத் திறப்பேன் என்று முன்வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் சங்கத்தின் ஐம்பது ஆண்டுக் கதையை அழகாகச் சொன்னார்கள். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. நான் ஒரு கடைக்காரன். தேக்கா பக்கம் எங்கள் அத்தா தொடங்கிய வீட்டுச் சாமான் கடையில் பூட்டும் ஆணியும் கம்பியும் விற்கிறேன். கடைக்காரனுக்கும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் படித்து டிப்ளோமா வாங்கியவன் நான். அந்தச் சான்றிதழ் கடையின் கல்லாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையில்தான் பல வருடமாக இருக்கிறது. அதை வெளியே எடுக்க வைத்தது நம் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பதினெட்டு மோட்டார் கதை

கடைசி வருடச் செயல்திட்டத்திற்கு நான் செய்தது ஆறு கால் ரோபோ. ஒரு காலுக்கு மூன்று மோட்டார் வீதம் மொத்தம் 18 மோட்டார். ஒன்று 20 வெள்ளி. மோட்டாருக்கு மட்டுமே 360 வெள்ளி, பாதி என் பகுதி நேர வேலைச் சம்பளம், பாதி அத்தாவின் பணம். காட்சி நாளன்று அத்தா கடையை அரை நாள் மூடிவிட்டு வந்தார். அவர் கடையை மூடி நான் பார்த்தது அதற்கு முன் பெருநாள் அன்றுதான்.

ரோபோ எழுந்து நின்றது. மூன்று கால்களைத் தூக்கியது. உடனே ஆறு கால்களையும் பரப்பிக்கொண்டு குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. நான்கு முறை இப்படி நடந்தது. அத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இத இன்னும் சல்லிசா செய்ய முடியாதா?"

எனக்கு அப்போது கோபம் வந்தது. வியாபாரி, காசைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அந்த அறையில் எழுந்த எல்லாக் கேள்விகளையும்விட அதுதான் சரியான பொறியியல் கேள்வி என்பது புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

முதலில், எதற்குக் கால்?

சமதளத்தில் சக்கரத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. செலவு குறைவு, வேகம் அதிகம், மின்சாரமும் குறைவாகவே ஆகும். காலின் தேவை தெரிவது தரை கெடும் இடத்தில்தான். மணல், கற்குவியல், படிக்கட்டு போன்ற இடங்களில் சக்கரம் தரையைத் தொடர்ச்சியாகத் தொட்டபடியே போக வேண்டும். கால் அப்படியல்ல, நடுவில் இருப்பதைத் தாண்டி அடுத்த நல்ல இடத்தில் ஊன்றிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க நான் காலைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சக்கர வண்டியைப் பொருத்திவிட்டால் அது ஓடிவிடும், பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. கால் வைத்தது முதல்நாள் நடக்கவே நடக்காது. பாரம் எங்கே விழுகிறது, நெம்புகோல் எவ்வளவு நீளம், எது வழுக்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்கவைக்க முடியும். பாடப்புத்தகத்தில் உள்ள அறிவியல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

முக்காலி தரும் பாடம்

நம் வீடுகளில் முன்பு முக்காலி இருந்தது. நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒரே தளமாகப் பொருந்திவிடும். அந்த மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். உடம்பின் எடை மையம் அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும்வரை கவிழாது, வெளியே போனால் கவிழும். நடக்கும் ரோபோவின் முதல் சட்டம் இதுதான்.

நான்கு கால் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் பத்திரமாகத் தூக்க முடியும். ஒவ்வொரு முறையும் உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஆறு கால் இருந்தால் மூன்றைத் தூக்கிய பிறகும் மூன்று தரையில் மிஞ்சும். கரப்பான்பூச்சி அப்படித்தான் ஓடுகிறது. ஒரு பக்கத்தில் முன்காலும் பின்காலும், மறுபக்கத்தில் நடுக்காலும் சேர்ந்து ஒரு முக்காலி. மற்ற மூன்றும் இன்னொரு முக்காலி. இரண்டும் மாறிமாறி ஊன்றுகின்றன. அடுத்த முறை சமையலறையில் கரப்பானைப் பார்த்தால் செருப்பை எடுக்கும் முன் ஒரு நொடி கவனியுங்கள்.

மோட்டாரைக் குறைத்தவர்கள்

"சல்லிசா செய்ய முடியாதா" என்ற கேள்வியை உலகத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். ரஷ்யக் கணித மேதை செபிஷேவ், 19ஆம் நூற்றாண்டிலேயே இணைப்புக் கம்பிகளால் நடக்கும் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். 1878இல் பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. வட்டமாகச் சுற்றும் ஓர் அச்சின் அசைவை, கம்பிகளின் நீளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தே நேராக நடக்கும் பாதமாக மாற்றினார்.

நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன், 1990இலிருந்து மின்கம்பி செல்லும் மலிவான பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு கடற்கரையில் நடக்கும் பிரம்மாண்ட உருவங்களைச் செய்துவருகிறார். மோட்டாரே இல்லை, காற்றுதான் சக்தி. அவருடைய காலின் ரகசியம் 11 நீள அளவுகள். அந்த 11 எண்களும் சரியாக இருந்தால் பாதம் தரையில் நேராக இழுபட்டு, மேலே தூக்கி, முன்னால் வந்து இறங்கும். 2018இல் நம் மரினா பேயில் உள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

அமெரிக்காவின் எம்ஐடியில் ரோட்னி புரூக்ஸ் குழுவினர் 1980களின் இறுதியில் செய்த கெங்கிஸ் என்ற ஆறு கால் ரோபோவுக்குக் காலுக்கு இரண்டாக 12 மோட்டார்தான். அதற்குப் பின் வந்த ரெக்ஸ் என்ற ரோபோ காலுக்கு ஒன்றாக ஆறே மோட்டாரில் கல்லும் முள்ளும் தாண்டி ஓடியது. அதன் கால் வளைந்த பட்டை, ஆங்கில எழுத்து 'சி' மாதிரி இருக்கும்.

இன்னொருவர் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அல் ஜஸரி. இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிரில், அர்த்துக்கிய அரசர்களிடம் பணியாற்றிய பொறியாளர். தாம் வடிவமைத்த கருவிகளைப் பற்றி 1206இல் ஒரு நூலை எழுதி முடித்தார். யானைக் கடிகாரம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் கருவி ஒன்றில், சுற்றும் அசைவை முன்னும் பின்னும் போகும் அசைவாக மாற்றும் முறையைக் காட்டினார். எப்படிச் செய்வது என்று படம் போட்டு, அளவு சொல்லி எழுதியதுதான் அந்த நூலின் சிறப்பு. படித்தவன் தானே செய்துபார்க்கலாம். ஒற்றை மோட்டாரில் கால்களை நடக்கவைக்கும் இன்றைய பொம்மைகளிலும் அதே வகை மாற்றம்தான் நடக்கிறது.

நாங்கள் செய்வது என்ன?

சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் செய்வது மூன்று மோட்டார் ரோபோ. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களிடம் உலகமெங்கும் புழங்கும் வடிவம். நான் செய்தது, அதை நம் கடைச் சாமான்களுக்குப் பொருத்தியதுதான்.

மோட்டார் என்றால் சர்வோ மோட்டார். ஒன்பது கிராம் எடை, கட்டைவிரல் பருமன். உள்ளே குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் ஓர் உணரி, ஒரு சிறு சுற்று. விநாடிக்கு 50 முறை துடிப்பு அனுப்ப வேண்டும். துடிப்பு ஒன்றரை மில்லி விநாடி நீண்டால் நடுவில் நிற்கும். நீளத்தைக் கூட்டினால் ஒரு பக்கமும் குறைத்தால் மறுபக்கமும் திரும்பும்.

மூன்று சர்வோக்களையும் வரிசையாக ஒட்டுகிறோம். இடது சர்வோ, இடப்பக்க முன்காலையும் பின்காலையும் சேர்த்து முன்னும் பின்னும் ஆட்டும். வலது சர்வோ வலப்பக்கத்துக்கு அதையே செய்யும். நடுச் சர்வோவில் இரண்டு நடுக்கால்கள், துலாக்கோல் மாதிரி. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும்.

நடை நான்கு தாளம். ஒன்று: நடுச் சர்வோ இடது நடுக்காலைத் தரையில் அழுத்துகிறது, உடம்பு சாய்ந்து, இடப்பக்க முன்காலும் பின்காலும் தரையை விட்டு எழும்புகின்றன. இப்போது ரோபோ நிற்பது இடது நடுக்கால், வலது முன்கால், வலது பின்கால் ஆகிய மூன்றில். அதே முக்காலி! இரண்டு: தூக்கிய இடக்கால்கள் முன்னே போகின்றன, ஊன்றிய வலக்கால்கள் பின்னே தள்ளுகின்றன. உடம்பு முன்னேறுகிறது. மூன்று: வலது நடுக்கால் அழுத்துகிறது, வலப்பக்கம் எழும்புகிறது. நான்கு: வலக்கால்கள் முன்னே, இடக்கால்கள் பின்னே. ஒரு பக்கத்தை மட்டும் எதிர்த்திசையில் ஆட்டினால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

இனி கணக்கு, கடைக்காரன் இல்லையா! சர்வோ ஒன்று 4 வெள்ளி, மூன்றுக்கு 12. ஆர்டுயினோ வகைக் கட்டுப்பாட்டுப் பலகை 8. மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரி நான்கு 10. பேட்டரிப் பெட்டியும் சுவிட்சும் 3. கம்பி, ஒட்டும் நாடா, திருகாணி 2. ஆக 35 வெள்ளி. சிம் லிம் டவரில் நான் வாங்கிய விலை. இரண்டு பிள்ளைக்கு ஒரு ரோபோ, தலைக்குப் பதினேழரை வெள்ளி. கால்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் கம்பியைக் குறட்டால் வளைத்துக்கொள்கிறோம். உடம்பு ஐஸ்கிரீம் குச்சி. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியில் மாணவர்கள் மலிவாகப் பயன்படுத்தவென்றே உருவாக்கப்பட்டது. அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று விட்டதால்தான் இந்த விலையில் கிடைக்கிறது.

வீட்டில் செய்துபார்க்க விரும்புவோர் மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நான் காசு கொடுத்துக் கற்றவை.

முதலாவது மின்சாரம். சர்வோக்களுக்கு மின்சாரத்தைப் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் மின்னழுத்தம் சரியும். பலகை தன்னை அணைத்து மறுபடி தொடங்கும். என் பதினெட்டு மோட்டார் ரோபோ அன்று நான்கு முறை விழுந்ததற்கு இதுதான் காரணம். மோட்டாருக்குத் தனிப் பேட்டரி வைத்து, இரண்டின் எதிர்முனைக் கம்பிகளையும் மறக்காமல் ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது காலின் நீளம். எங்கள் ரோபோவின் எடை சுமார் 200 கிராம். சாயும்போது நடுக்கால் பாதி எடையை, அதாவது 100 கிராமைத் தாங்குகிறது. அந்தக் கால் பக்கவாட்டில் 6 சென்டிமீட்டர் நீண்டால், தேவைப்படும் திருகுவிசை 0.1 கிலோ பெருக்கல் 6, அதாவது 0.6 கிலோ சென்டிமீட்டர். இந்தச் சர்வோவால் ஏறக்குறைய ஒன்றரை முடியும். பாதிக்குள் இருப்பதால் கவலையில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று காலை 12 சென்டிமீட்டர் ஆக்கினால் தேவை 1.2 ஆகும். மோட்டார் முனகும், சுடும், பல்சக்கரம் உடையும். நீண்ட காலுக்கு ஆசைப்படாத பிள்ளை இதுவரை வகுப்பில் இல்லை.

மூன்றாவது பாதம். வெறும் கம்பி தரையில் வழுக்கும், ரோபோ இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். கம்பி முனையில் சூட்டுப் பசை ஒரு சொட்டு வைத்தால் போதும்.

அத்தா சொன்னது

டிப்ளோமா முடித்து, தேசிய சேவை முடித்து, ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எங்கள் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் வேலையை விட்டுக் கடைக்கு வந்தேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை இன்று இந்த மேடையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அவரும் கீழே உட்கார்ந்துதான் இருக்கிறார்.

பிசியோதெரபி அறைக்கு வாரம் இரண்டு முறை அழைத்துப் போவேன். அடியில் நான்கு கால் உள்ள கைத்தடி கொடுத்தார்கள். முதலில் தடி முன்னே போக வேண்டும். பிறகு பலவீனமான கால். கடைசியில் நல்ல கால். ஒன்று நகரும்போது மற்ற இரண்டும் தரையில் இருக்க வேண்டும். பாரத்தை மாற்றாமல் காலைத் தூக்கக் கூடாது. அந்த அம்மையார் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, நான் கல்லூரியில் படித்தும் படிக்காததுமான பாடத்தை எங்கள் அத்தா வியர்க்க வியர்க்கப் படித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து வீட்டிலிருந்து மின்தூக்கிவரை தனியாக நடந்தார்.

சென்ற ஆண்டு சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோது, வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று அவரையும் அழைத்து வந்து ஓர் ஓரமாக உட்காரவைப்பேன். ஒருநாள் உயர்நிலை ஒன்று படிக்கும் ஒரு பெண்பிள்ளையும் தொடக்கநிலை ஐந்து படிக்கும் ஒரு பையனும் செய்த ரோபோ நடக்கவில்லை. பாதத்தில் பசை இருக்கிறது, பேட்டரி புதிது, கால் குட்டை. நான் நிரலை இருமுறை பார்த்தும் தவறு தெரியவில்லை. ரோபோ தரையைத் தேய்த்துக்கொண்டு ஆடியது.

அத்தா தடியால் தரையைத் தட்டினார். பேச்சு அவருக்கு இன்னும் குழறும். நிதானமாகச் சொன்னார்: "அவசரப்படுது. முதல்ல சாயணும். பாரம் அந்தப் பக்கம் போய்ச் சேரணும். அப்புறம்தான் கால எடுக்கணும்."

அந்தப் பெண்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது. சாய்வதற்கும் காலை ஆட்டுவதற்கும் ஒரே நேரத்தில் கட்டளை போயிருந்தது. கால் தரையை விட்டு எழும்பும் முன்பே முன்னால் தள்ளப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் 200 மில்லி விநாடி இடைவெளி என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். ரோபோ எழுந்து, சாய்ந்து, நடந்து, பாயைத் தாண்டிப் போய் அத்தாவின் செருப்பில் முட்டி நின்றது. அவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தஞ்சு வெள்ளி அத்தா" என்றேன்.

"பரவால்ல" என்றார். எனக்குக் கல்லூரியில் கிடைத்த எந்த மதிப்பெண்ணும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

என் வேண்டுகோள்

பெற்றோர் சிலர் என்னிடம் நேராகக் கேட்டார்கள், "இது தேர்வுக்கு வருமா தம்பி?" என்று. வராது. பொய் சொல்லி உங்கள் பிள்ளையின் சனிக்கிழமையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். தொடங்கியபோது 14 பிள்ளைகள் வந்தார்கள். தேர்வு நெருங்கியதும் ஆறாகக் குறைந்தார்கள். இந்த அறையைத் துணைப்பாட வகுப்புக்கே முழுவதும் தரலாமா என்று செயலவை யோசிப்பதும் நியாயம்தான்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தனியார் வகுப்புகளுக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு எப்படியும் கிடைத்துவிடும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு நம் சங்கத்தை விட்டால் வேறு இடம் எது? ஐம்பது ஆண்டுக்கு முன் ஊரிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள் என்று இங்கே சொன்னார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணை இந்த உருவத்தில் தேவைப்படுகிறது.

நான் கேட்பது மூன்றுதான். பூட்டுடன் ஓர் அலமாரி. பூட்டை நானே கடையிலிருந்து கொண்டுவருகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மூன்று மணி நேரம். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருவர். அவர்களுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தையல் தெரிந்த தாய்மார், சைக்கிள் பழுதுபார்த்தவர், கப்பல் பட்டறையில் வேலை செய்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. எது ஏன் நகரவில்லை என்று பார்க்கப் பழகிய கண் போதும்.

சரி, பிள்ளைகளே, பையைத் திறக்கிறேன். இன்று ஐந்து ரோபோக்கள் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று நடக்காது, வேண்டுமென்றே தவறு வைத்திருக்கிறேன். உணவு இடைவேளை முடிவதற்குள் யார் கண்டுபிடிக்கிறீர்களோ, அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெரியவர்களும் முயலலாம். எங்கள் அத்தாவிடம் மட்டும் யாரும் போய்க் கேட்கக் கூடாது, அவருக்கு விடை தெரியும்.